யானைக் கடிகாரத்தின் நாலாவது நகம்

1

இன்றோடு நான் பாரிஸில் இந்தப் பட்டறையில் சேர்ந்து பதினோரு வருடம். ஊரில் இருக்கும் நீங்கள் எல்லாரும், மகாபலிபுரத்தில் இறக்கிவிட்ட பஸ்ஸைப்போல என்னையும் மறந்துவிட்டீர்களோ என்னவோ, அதனால் முதலில் யார் என்று சொல்லிவிடுகிறேன். செங்கல்பட்டு ஜங்ஷனில் கேங்மேனாக இருந்த துரைக்கண்ணுவின் மகன் முனிரத்தினம். மகாபலிபுரத்தில் உலோகச் சிற்பம் படித்துவிட்டு, அங்கேயே ஒரு பட்டறையில் பத்து வருடம் வெண்கலம் வார்த்துக்கொண்டிருந்தவன். மூன்று மாத வேலை என்று பாரிஸுக்கு வந்தேன். அந்த மூன்று மாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

இங்கே என்னை 'மூனி' என்பார்கள். நான் வேலை செய்வது பழைய அலங்காரக் கடிகாரங்களுக்கு வைத்தியம் பார்க்கும் இடம். கடிகாரம் என்றதும் சுவரில் மாட்டுகிற வஸ்துவை நினைக்காதீர்கள். இவை எல்லாம் இருநூறு, இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தியவை. பிரபுக்கள் வீட்டில் கணப்படுப்புக்கு மேலே வைத்தவை. மணி காட்டுகிற முகப்பு ஒரு சாஸர் அளவுதான் இருக்கும். அதைச் சுற்றித் தேவதை, குழந்தை, சிங்கம், பூச்சரம் என்று எல்லாம் வெண்கலத்தில் வார்த்து, மேலே தங்க முலாம். மணி பார்க்க நாலு விரல் இடம், மீதி ஒன்றரை முழம் பகட்டு.

முகப்பில் வெள்ளை எனாமல்மேல் அழகாக ஒரு பெயர் எழுதியிருக்கும். அது உள்ளே ஓடுகிற இயந்திரத்தைச் செய்தவர் பெயர். சில சமயம் விற்றவர் பெயர். வெளியே இருக்கும் வெண்கலத்தை வார்த்தவன், செதுக்கியவன், முலாம் பூசியவன் ஒருவன் பெயரும் இருக்காது. அந்தக் காலத்தில் இவர்கள் எல்லாம் தனித்தனிக் கூட்டமாம். கடிகாரம் செய்பவன் வெண்கலத்தைத் தொடக்கூடாது, வார்ப்பவன் முலாம் பூசக்கூடாது. பாதரசத்தில் தங்கத்தைக் கரைத்து, தீயில் காட்டி, அந்தப் புகையை மூச்சில் வாங்கிச் செத்தவன் முலாம்காரன்தான். இதை முதன்முதலாகக் கேட்டபோது, அட, இங்கேயும் நம்ம ஊர்தானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நல்ல சிரிப்பு என்று சொல்ல மாட்டேன்.

இப்போது நான் எழுத உட்கார்ந்தது பதினோரு வருடத்தைக் கொண்டாட அல்ல. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. காரணம் ஒரு யானை.

2

யானைக் கடிகாரம் என்று ஒரு வகை உண்டு. கறுத்த வெண்கல யானை ஒன்று முதுகில் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கும். பீடமும் மேலே இருக்கும் குடைக்காரனும் தங்க முலாம். போன மழைக்காலத்தில் அப்படி ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. ஏலத்துக்குப் போக வேண்டிய பொருள். இயந்திரத்தை எங்கள் கடிகாரக்காரர் பார்த்துக்கொண்டார். அதில் பெண்டுலம் பட்டு நூலில் தொங்கும், அதைத் தொட எனக்கு உரிமை இல்லை. வெண்கலம் என் பங்கு.

நான் அந்த யானையைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செய்தவன் தன் ஜென்மத்தில் யானையைக் கண்டதில்லை. கண்ணு மனுஷக் கண்ணு, புருவத்தோடு. துதிக்கை நாதஸ்வரம். ஒவ்வொரு பாதத்துக்கும் மூன்றே மூன்று நகம். ஆனால் வேலை சுத்தம். தோல் மடிப்பை அவன் ஒவ்வொரு கோடாக இழுத்திருந்த விதத்துக்கு அவன் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம்.

பின்வலது பாதத்தின் முன்பாதி உடைந்து போய், யாரோ சுண்ணாம்பை அப்பி வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, மெழுகில் புதுசாகக் கரு செய்து, வெண்கலத்தில் வார்த்து, உள்ளே ஆணி வைத்து ஒட்டி, கறுப்பேற்றினேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நன்றாக வந்தது. வேலை அறிக்கையில் பிரெஞ்சில் ஒரு வரி எழுதினேன்: 'பாதம் பழுது பார்க்கப்பட்டது.'

எப்போதும் ஒரு வரிதான் எழுதுவேன். பேச்சு எப்படியோ ஓடிவிடும், எழுத்து எனக்கு வராது. இரண்டு வரி எழுதினால் நாலு பிழை. 'பாதி பாதம் புதிதாகச் செய்யப்பட்டது' என்று எழுதியிருக்க வேண்டும். அதை எழுதும் தைரியம் இல்லாமல் குறுக்கினேன். இந்தக் கஞ்சத்தனம்தான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது.

3

போன வெள்ளிக்கிழமை ஏலக்காரர்களின் விற்பனைப் பட்டியல், அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க, பட்டறைக்கு வந்தது. எங்கள் முதலாளியம்மாளை மதாம் என்றே இங்கே எழுதுகிறேன், அப்படித்தான் கூப்பிடுவதும். மதாம் அதில் எனக்கு ஒரு பிரதி கொடுத்து, "வீட்டில் படித்துப் பாருங்கள், நம் யானையைப் பற்றி ஏலக்காரர்களின் நிபுணர் பெரிதாக எழுதியிருக்கிறார்" என்றார்.

வீட்டில் படிப்பது என்றால் என் மகள் இனியா படிப்பது. பதினாறு வயசு. இங்கேயே வளர்ந்தவள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். நடுவில் இருக்கும் இடைவெளியில் என் மனைவி செல்வி இரண்டு பேரையும் திட்டுவாள். கவர்ன்மென்ட் கடிதம் வந்தால் மட்டும் எங்கள் வீட்டில் இனியாதான் எஜமானி. "அப்பா, இதுகூடவா தெரியாது" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் படிப்பாள். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்தே நான் பல கடிதங்களை ஒளித்து வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு ஆர்வமாகப் படித்தாள். நிபுணர் எழுதியிருந்தது இதுதான்: அந்தக் காலத்துச் சிற்பிகள் படத்தைப் பார்த்து யானை செய்தார்கள், அதனால் எல்லாவற்றுக்கும் மூன்று நகம். ஆனால் இந்தக் கடிகாரத்தில் மட்டும் பின்வலது பாதத்தில் நாலு நகம் இருக்கிறது, இயற்கையில் இருப்பதுபோலவே. ஆகவே இந்தச் சிற்பி உயிருள்ள யானையின் பக்கத்தில் நின்றவர். ஒரு பாதத்தில் மட்டும் திருத்திப் பார்த்திருக்கிறார். எனவே இதுதான் முதல் வார்ப்பு, மற்ற இடங்களில் இருக்கும் யானைகள் எல்லாம் இதைப் பார்த்துச் செய்தவை.

"நாலு நகமா?" என்றேன்.

"நாலு. படமே போட்டிருக்காங்கப்பா." இந்த ஒன்றைத் தமிழில் சொன்னாள்.

படத்தைப் பார்த்தேன். நாலு. பளிச்சென்று, வரிசையாக, வெளிப்பக்கம் சின்னதாக நாலாவது. அது நான் வைத்தது.

ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வைக்கும்போது எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க மனசு வேறொரு கவலையில் கிடந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். கை அதன் பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. இடது பாதமும் வலது பாதமும் ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரியாது, அதனால் மதாமும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

அந்தக் கை எங்கே பழகியது என்று உங்களில் பலருக்குத் தெரியும். மகாபலிபுரத்தில் யானை வாங்க வருகிறவர் முகத்தையா பார்க்கிறார்? குப்புறக் கவிழ்த்து நகத்தை எண்ணுவார். முன்னங்கால் அஞ்சு, பின்னங்கால் நாலு, ஆகப் பதினெட்டு. குறைந்தால் வீட்டுக்கு ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். என்னோடு படித்த ஏழுமலை ஒருதரம் அவசரத்தில் பதினாறு நகத்தோடு ஒரு டஜன் குட்டி யானை அனுப்பி, பன்னிரண்டும் திரும்பி வந்தன. பட்டறை முதலாளி அவற்றை எங்கள் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக நிறுத்தி வைத்தார். ஒரு மாதம் அந்த யானைகளைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு என் கை தூக்கத்தில்கூட நாலு நகம்தான் வைக்கும்.

4

சொல்கிறேன் என்ற கவலை இதுதான். இந்த நாட்டில் தங்கியிருக்க எனக்கு இதுவரை நாலு வருட அனுமதி அட்டை. அது முடியப் போகிறது. இந்தத் தடவை பத்து வருட அட்டைக்கு மனுப் போட்டிருக்கிறேன். அதற்கு ஒரு கட்டுக் காகிதம். சம்பளச் சீட்டு, வாடகைச் சீட்டு, மொழிப் பரீட்சை, பிறப்புச் சான்றிதழ், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளருக்கு முத்திரை. செங்கல்பட்டில் வாங்கிய சான்றிதழில் என் பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஆறு மாதம் ஆனது. போன முறை கைரேகை வைக்கச் சொன்னார்கள். அரமும் உளியும் பிடித்துத் தேய்ந்த விரல், இயந்திரம் ஏற்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திருடனைப்போலப் பார்க்க, ஏழாவது தடவை ஒரு விரல் விழுந்தது.

இப்போது மிச்சம் ஒரே ஒரு காகிதம். இந்த ஆள் எங்களிடம் நிரந்தர வேலையில் இருக்கிறார், தொடர்ந்து இருப்பார் என்று மதாம் கையெழுத்துப் போட்ட கடிதம். செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கடிதம் தட்டச்சாகி மதாம் மேஜையில் கிடக்கிறது. கையெழுத்துதான் பாக்கி.

உண்மையைச் சொன்னால் பட்டறை மானம் போகும். நிபுணர் மானம் போகும். இப்படி ஒரு பிழை செய்தவன் தொடர்ந்து வேலையில் இருப்பான் என்று எந்த மதாம் எழுதிக் கொடுப்பார்? வேலை இல்லை என்றால் அட்டை இல்லை. அட்டை இல்லை என்றால் இனியாவின் பள்ளிக்கூடம், இந்த இரண்டு அறை வீடு எல்லாம் என்ன ஆகும்? அவளுக்கு ஊரப்பாக்கம் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கக்கூடத் தெரியாது.

செல்வி தெளிவாகச் சொல்லிவிட்டாள். அவள் ஊரப்பாக்கத்துக்காரி, சுற்றி வளைத்துப் பேச மாட்டாள். "ஏங்க, முதல்ல கையெழுத்து வாங்குங்க. அப்புறமா சொல்லுங்க. உங்க உண்மை ஒரு வாரம் காத்துனு இருந்தா ஊசிப் பூடுமா?"

நியாயம்தான். ஞாயிறு மத்தியானம் ஏழுமலைக்குப் போன் போட்டேன். அவன் இப்போது மகாபலிபுரத்தில் சொந்தமாகக் கல் பட்டறை வைத்திருக்கிறான்.

"இன்னா மச்சான், கொரலே சரியில்லியே. ஒடம்பு கிடம்பு சொகமில்லியா?"

சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது.

"டேய், பத்து வருஷமா ஒனக்கு எவனாச்சும் பேர் போட்டானா? இப்ப எவனோ படிச்ச ஆளு, பெரிய சிற்பின்னு எழுதிகினு கீறான். அது நீதான்டா! மூடிகினு இரு."

"அது நான் இல்ல ஏழுமலை. எப்பவோ செத்தவன்னு எழுதியிருக்கான்."

"செத்தவனுக்கு இன்னா நஷ்டம்?"

"நாளைக்கு எவனாவது எக்ஸ்ரே எடுத்தான்னா?"

"எடுக்கட்டும். யானைக்கு நாலு நகம் வெச்சது தப்புன்னு எந்தக் கோர்ட்ல சொல்வாங்க? போயும் போயும் ஒரு நகத்துக்கு இவ்ளோ பேஜார் பண்றியே." இங்கே அவன் குரல் மாறியது. "ஆனா ஒண்ணு மச்சான். வாங்கறவன் இன்னா நெனச்சு வாங்கறான்? அத மட்டும் பாத்துக்க. பதினாறு நகம் போட்டு நான் அனுப்ச்சப்ப, தெரிஞ்சா அனுப்ச்சேன்? நீ இப்ப தெரிஞ்சிகினு அனுப்பறே."

பாவி. அதுவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான்.

போனை வைத்ததும் இனியா வந்து நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். "அப்பா, நீ சொல்லலன்னா நான் அந்தப் பட்டியல் புத்தகத்த எங்க டீச்சர்கிட்ட காட்ட முடியாது" என்றாள். காட்ட வேண்டும் என்று அவள் நினைத்திருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். என் வேலையை அவள் யாரிடமும் சொன்னதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

5

திங்கட்கிழமை காலை. மதாம் பேனாவைத் திறந்து கடிதத்தை எடுத்தார். ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். செல்வி சொன்னது காதில் கேட்கிறது. என் நாக்கு கேட்டால்தானே?

"மதாம், கையெழுத்துப் போடும் முன் ஒன்று சொல்ல வேண்டும்."

பேனா நின்றது. சொன்னேன். வீட்டில் பத்து தரம் சொல்லிப் பார்த்த பிரெஞ்சு எல்லாம் பறந்துவிட்டது. பாதி பாதம் நான் செய்தது, நாலு நகம் நான் வைத்தது, அறிக்கையில் அதை எழுதாதது என் தப்பு. இவ்வளவுதான் வந்தது.

மதாம் எழுந்து, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு யானையிடம் போனார். அது புகைப்படத்துக்குப் போய்விட்டு வந்து, வியாழக்கிழமை ஏலக்காரர்கள் எடுத்துப் போவதற்காகப் பட்டறையிலேயே இருந்தது. இடது பாதத்தை எண்ணினார். வலது பாதத்தை எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"மூனி, யானைக்கு எத்தனை நகம்?"

"பின்னால் நாலு, முன்னால் அஞ்சு மதாம்."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"எங்கள் ஊரில் தப்பாக வைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்."

அவர் சிரிக்கவில்லை. மேஜைக்கு வந்து, என் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, நிபுணருக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். நான் ஒதுக்கி வைத்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தது கதை, செல்விக்கு என்ன பதில் சொல்வேன் என்று தோன்றியது.

மதாம் நடந்ததைச் சொன்னார். எதையும் மெழுகவில்லை. மறுமுனையில் நிபுணர், "செய்தவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

போலீசில் கொடுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். மதாம் என் சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, முனிரத்தினம் துரைக்கண்ணு என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார். பதினோரு வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். நடுவில் இரண்டு இடத்தில் இடறினார்.

"நல்லது. இந்தச் சிற்பி உயிருள்ள யானையின் பக்கத்தில் நின்றவர் என்று எழுதியிருந்தேன். அதில் பிழை இல்லை. காலத்தைத்தான் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றார் நிபுணர். அவர் குரலில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. பட்டியலை அன்றைக்கே திருத்துகிறேன், பாதம் இப்போது புதிதாகச் செய்யப்பட்டது என்று போடுகிறேன் என்றார். முதல் வார்ப்பு என்ற பேச்சு அடிபட்டுப் போனது.

போனை வைத்துவிட்டு மதாம் என்னைப் பார்த்தார். "இனி அறிக்கையை நீங்கள் வாயால் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். இன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பாதம் மற்ற மூன்றைப்போல இருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுக் கடிதத்துக்கு வருகிறேன்."

6

யானையைப் பக்கவாட்டில் சாய்த்து, துணி சுற்றி, பிடிகருவியில் மெதுவாக இறுக்கினேன். மூன்று நகம் வேண்டும். நாலாவதை எடுத்து, மீதி மூன்றையும் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். சுலபமான வேலை. அரை மணி நேரம்கூட ஆகாது.

அரத்தை வைத்தேன். கை வரவில்லை. பத்து வருடம் நகம் குறைந்தால் அடி வாங்கிய கை, குறைக்கச் சொன்னால் எப்படி வரும்? அன்றைக்கு என்னை அறியாமல் வைத்த கைதானே, இன்றைக்கு அறிந்து எடுக்கச் சொல்கிறேன். ஒரு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கடிகாரக்காரர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனித்தார்.

பிறகு ராவினேன். கறுப்பு போய் மஞ்சள் வெண்கலம் தெரிந்தது. இன்னும் ராவினேன். சின்ன நகம்தான், சீக்கிரம் கரைந்துவிட்டது. தோல் மடிப்பை அந்தப் பழைய சிற்பி இழுத்த மாதிரியே இழுத்து, திரும்பக் கறுப்பேற்றினேன். இந்தத் தடவை அவனைப்போல, யானையைக் கண்ணால் காணாதவனைப்போலச் செய்தேன். ரொம்பக் கஷ்டமான வேலை அது.

ஐந்து மணிக்கு மதாம் வந்தார். கையில் கடிதம். கண்ணாடி வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. தலையை ஆட்டிவிட்டு, என் வேலைப் பலகையிலேயே கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "நாளைக்கு நேரத்தோடு போங்கள்" என்றார்.

செல்விக்குப் போன் பண்ண வேண்டும், கையெழுத்து ஆகிவிட்டது என்று சொல்ல வேண்டும். மூன்று நாளாக இறங்காத சோறு இனி இறங்கும். ஆனால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பலகையில் கொஞ்சம் மஞ்சள் தூள் கிடந்தது. அந்த யானையின் உடம்பில் இருந்த ஒரே சரியான நகம் அது.